எஸ்டிமேட்டுல ஒரு கொடுவாள் எழுது

வேலை கெடைச்சிருச்சாமே கண்ணு. சந்தோசம். கேபிள் இழுக்கற திட்டத்துல இன்ஜினியரு! உங்கப்பன் டீக்கடையில சொல்லி, ரேஷன் கடையில சொல்லி, பஸ்ஸுல கண்டக்டர்கிட்டயும் சொல்லிட்டான். இனி மைக்செட் வெக்கறதுதான் பாக்கி. நீ படிச்சதெல்லாம் சேலத்துல, கோயமுத்தூருல. அங்கெல்லாம் தரை சமம், நட்ட கம்பம் நட்ட எடத்துல நிக்கும். நம்ம ஏற்காடு மாதிரி மலையில கம்பம் நடறவனுக்குன்னு தனியா ஒரு படிப்பு உண்டு. அதுக்கு இன்னும் காலேஜ் கட்டலை, அறிவிப்பு வேணா வரும். அது வரைக்கும் எஸ்டேட்டுல மேஸ்திரியா இருந்து ஓஞ்ச இந்தக் கெழவன்தான் உனக்கு வாத்தியாரு. கேட்டுக்க. புடிக்கலைன்னா விட்டுரு. உங்கப்பனும் நான் சொன்னதை ஒண்ணு விடாம விட்டவன்தான், நல்லாத்தானே இருக்கான்?

மொதல்ல தேதி. வேலை எப்ப வேணா நடக்கட்டும், தொறப்பு விழாவை மட்டும் மே மாசத்துல வெச்சுக்க. கோடை விழா நடக்கும், மலர்க் கண்காட்சி நடக்கும், மந்திரி வருவாரு, கலெக்டரு வருவாரு, ஏரியில படகுக்கு வரிசை நிக்கும். கோடை மழை விழாத நாளா இருந்தா வானம் சலவைக்குப் போட்டு எடுத்தாப்புல இருக்கும். ஒரு கிளை முறியாது, ஒரு பீஸ் போகாது. லேடீஸ் சீட்டுல மந்திரியைக் கூட்டிக்கிட்டுப் போயி நிறுத்து. கீழ சேலம் பூரா தெரியும். மேகம் இல்லாத நாளா இருந்தா மேட்டூர் தெசையக் காட்டி, "ஐயா, அந்தப் பக்கம் நம்ம அனல்மின் நிலையம், பழசு 840 மெகாவாட், புதுசு 600, ஆக 1,440"னு சொல்லு. பெரிய நம்பர் கேட்டா பெரிய மனுசங்களுக்குப் பசி எடுக்கும், சாப்பாடு நல்லா எறங்கும். அணை கட்டி முடிச்சது 1934, அதுல கரண்டு எடுக்க ஆரம்பிச்சது 1937ன்னும் சேத்துச் சொன்னீன்னா, பையனுக்கு சரித்திரமும் தெரியுதேன்னு முதுகுல தட்டுவாங்க. ப்ரமோஷன் பாதி வந்துருச்சுன்னு வெச்சுக்க.

தப்பித் தவறிக் கூட ஐப்பசி கார்த்திகையில விழா வெச்சுராத. மந்திரி நிக்கற எடமே மந்திரிக்குத் தெரியாது. ரிப்பன் எங்கன்னு தேடறதுக்கே டார்ச் லைட் வேணும், அந்த டார்ச்சுக்கு சார்ஜ் போட்டு வெக்க கரண்டு இருந்திருக்கணும்.

இன்னொரு விசயம். தலைக்கு மேல போற கரண்டுக் கம்பிய நிமிந்து பாத்திருக்கியா? அது அலுமினியம், உள்ள நரம்புக்கு இரும்பு. அந்த அலுமினியத்துல நம்ம மலையும் கொஞ்சம் கலந்திருக்கலாம். செர்வராயன் கோயிலுப் பக்கம் மேலேறிப் போனா செக்கச்செவேல்னு மண்ணு தெரியுதே, அதுல பாக்சைட் இருக்குது. மேட்டூர்ல மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, நாம மால்கோன்னு சொல்லுவோம், அதுக்காக லாரி லாரியா அள்ளிக்கிட்டு எறங்கினாங்க. 2008 வாக்குல நின்னுச்சு. ஒரு டன் அலுமினியம் எடுக்கறதுக்கு சுமாரா 14,000 யூனிட் கரண்டு குடிக்குமாம். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் எரிக்கற வீட்டுக்கு அது 23 வருசத்துக் கரண்டு. மலையச் செதுக்கி, மேட்டூருக்கு எறக்கி, அங்க அவ்வளவு கரண்டைக் குடிக்க வெச்சு, கம்பியா நீட்டி, அதே மலைக்குத் திரும்ப ஏத்தி, 'உங்களுக்கு வெளிச்சம் கொண்டாந்தோம்'னு சொன்னாங்க. நாமளும் கை தட்டுனோம். கை தட்டறதுக்கு யூனிட் கணக்கு கெடையாது பாரு.

சரி, கணக்குன்னு வந்தாச்சு. நீ கத்துக்க வேண்டிய பெரிய வித்தையே அதுதான். ஒரு ஊருக்குக் கரண்டு வந்துருச்சுன்னு எப்படிச் சொல்லுவாங்க தெரியுமா? ஊருல எல்லா வீட்டுலயும் பல்பு எரியணும்னு நெனைச்சுக்கிட்டிருப்பே. வெள்ளந்திப் புள்ள. ஒயரும் டிரான்ஸ்பார்மரும் வரணும், பள்ளிக்கூடம் பஞ்சாயத்து ஆபீஸு மாதிரிப் பொது எடத்துல எரியணும், அப்புறம் நூத்துக்குப் பத்து வீட்டுல எரியணும். அவ்வளவுதான், 2004-ல போட்ட விதி. பாக்கி 90 வீடு இருட்டுல ஒக்காந்து, 'நம்மூருக்குக் கரண்டு வந்துருச்சு'ன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலாம். மணிப்பூர்ல லெய்சாங்னு ஒரு ஊரு. 2018 ஏப்ரல் 28-ஆம் தேதி அங்க கரண்டு போயிச் சேந்ததும், இந்தியாவுல கரண்டு இல்லாத கிராமமே இல்லைன்னு அறிவிச்சாங்க. பொய் ஒண்ணும் இல்லை, கிராமத்துக்கு வந்துருச்சு. வீட்டுக்கு வேணும்னா அது வேற திட்டம், சௌபாக்கியா, 2017 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. ஒரே வேலைக்கு ரெண்டு திட்டம், ரெண்டு விழா. எங்க காப்பி எஸ்டேட்டுல ஒரு செடியில ஒரு தடவைதான் பழம் பறிப்போம்னு நெனைச்சியா? நாலு சுத்து பறிப்போம். அவங்களும் பறிக்கறாங்க.

உன் கேபிளுக்கும் அதே சட்டம்தான். 2011 அக்டோபர்ல டெல்லியில முடிவு பண்ணாங்க, நாட்டுல இருக்கற ரெண்டரை லட்சம் பஞ்சாயத்துக்கும் கண்ணாடி இழை போட்டுரலாம், ரெண்டு வருசத்துல முடிச்சுரலாம்னு. மொதல் லட்சத்தைத் தொட்டு முடிக்கறதுக்கே 2017 டிசம்பர் ஆச்சு. நடுவுல 2015-ல பேரை மட்டும் பாரத்நெட்னு மாத்துனாங்க. வேலை நகராட்டி பேரை நகத்து, இதையும் குறிச்சுக்க. தமிழ்நாட்டுல அதுக்குன்னு 2018-ல டான்ஃபிநெட்னு ஒரு கம்பெனி வெச்சாங்க. 12,525 ஊராட்சி, 1,815 கோடி ரூவா. டெண்டர் விட்டாங்க, 2020-ல டெல்லியில இருந்து அதை ரத்து பண்ணச் சொல்லிட்டாங்க. மறுபடி டெண்டரு, மறுபடி பேப்பரு. நீ அப்பப் பள்ளிக்கூடத்துல இருந்தே. கொரோனாவுல ஆன்லைன் கிளாஸு. மேட்டுப் பாறையில ஏறி ஒரு கையில குடை, ஒரு கையில போனு வெச்சுக்கிட்டு கணக்குப் பாடம் கேட்டியே. அந்தப் பாறைக்கு நீதான் மொதல் பட்டதாரி.

இது நம்மூரு கோளாறு மட்டும்னு நெனைச்சு மனசு ஒடைஞ்சுராத. அமெரிக்காக்காரன் 2021-ல ஒரு சட்டம் போட்டு, ஊருநாட்டுக்கெல்லாம் இன்டர்நெட் குடுக்க 4,245 கோடி டாலர் எடுத்து வெச்சான். மூணு வருசம் கழிச்சு 2024 முடியறப்ப அந்தக் காசுல ஒரு வீட்டுக்குக் கூட ஒயர் போயிச் சேரலை. எல்லாம் வரைபடம், விண்ணப்பம், ஒப்புதல். பாத்தியா, பேப்பர்ல மலை ஏறறதுல வெள்ளைக்காரனும் நமக்குப் பங்காளிதான்.

இப்ப பஞ்சாயத்து ஆபீஸுல பெட்டி வரும், பேட்டரி வரும், பச்சை லைட்டு மினுக்கும். மினுக்குனா அந்த ஊராட்சி இணைஞ்சாச்சு, லிஸ்ட்டுல ஒரு டிக். நம்ம மலையில ஒரு ஊராட்சின்னா என்னன்னு அந்த லிஸ்ட்டுக்குத் தெரியுமா? நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வாழவந்தின்னு பேரு ஒண்ணுதான் இருக்கும். அதுக்குள்ள இந்தச் சரிவுல நாலு வீடு, அந்தப் பள்ளத்துல பத்து வீடு, ஓடை தாண்டி ஒரு கொத்து. ஆபீஸுல மினுக்கற பச்சை லைட்டைப் பாக்கவே ஒரு மலை ஏறி எறங்கணும். ஆனா நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க வேலை செய்யற எடத்துலயே காலையில ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ போன்ல ஏத்தணும்னு 2023 ஜனவரியில இருந்து கட்டாயம் பண்ணாங்க. நான் மேஸ்திரியா இருந்தப்ப செக்ரோல்ல பேரு எழுதினா ஆச்சு, ஆளு வந்தாச்சு. இப்ப ஆளு வந்தாப் போதாது, சிக்னலும் வேலைக்கு வரணும். ரேஷன் கடையிலயும் அதே கதை. பாட்டி வந்துட்டா, பாட்டியோட ரேகை சர்வருக்குப் போகலை. காப்பி பறிச்சுப் பறிச்சுத் தேஞ்ச வெரலு அது, மிஷினு தடவித் தடவிப் பாக்குது.

கேபிளு போட்ட ஜில்லாவுல எல்லாம் ஒரு அறிவிப்பு குடுத்தாங்க, நான் பேப்பர்ல படிச்சு ரசிச்ச அறிவிப்பு. இந்தக் கேபிளுக்குள்ள செம்பு இல்லை, எந்த உலோகமும் இல்லை, எடுத்துட்டுப் போயி விக்க முடியாது, வெட்டுனா கடும் நடவடிக்கைன்னு. திருடனைக் கூப்பிட்டு 'உனக்கு இதுல லாபம் இல்லைப்பா'ன்னு பக்குவமா எடுத்துச் சொன்ன சர்க்காரு! எனக்கு ஒரே ஒரு வருத்தம். நம்ம மலையில கேபிளை அறுக்கறது திருடன் இல்லை. சில்வர் ஓக் மரம். அதுக்குப் படிக்கத் தெரியாது. காட்டெருமைக்கும் பேப்பர் போடறதில்லை.

இந்தத் திட்டத்துக்கு யாரு காசுன்னு எவனாவது கேட்டா, 'சர்க்காரு காசு'ன்னு பொத்தாம் பொதுவா சொல்லிராத. போன் கம்பெனிங்க வருமானத்துல 100 ரூவாய்க்கு 5 ரூவா, கிராமத்துக்குன்னு தனியா ஒரு நிதிக்குப் போகுது. அந்த நிதிக்கும் 2024-ல டிஜிட்டல் பாரத் நிதின்னு பேரு மாத்தியாச்சு. அப்ப பாறை மேல ஏறி நின்னு ரீசார்ஜ் பண்ணுன ஒவ்வொரு தடவையும் நீ ஒரு துளி போட்டிருக்கே. போட்டவன் கேக்கலாம், தப்பில்லை. சத்தமாக் கேக்காத, உனக்கு இப்ப சம்பளமும் அங்கிருந்துதான்.

சூரிய வெளிச்சத்துக்கு வருவோம், சீக்கிரம் முடிச்சுரலாம், எங்க மலையில சூரியனே சீக்கிரம் முடிச்சுக்குது. 2024 பிப்ரவரியில வீட்டுக்கூரைத் திட்டம் போட்டாங்க, ஒரு கோடி வீட்டுக்கு, 75,021 கோடி ரூவா. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 மானியம், ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000. நல்ல திட்டம்தான், குத்தம் சொல்லலை. ஒரு ஆபீஸரு நம்மூருக்கு வந்து நோட்டீஸ் குடுத்தா நான் கேப்பேன்: "சார், எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 80 யூனிட். 2016-ல இருந்து 100 யூனிட் வரைக்கும் நமக்கு இலவசம். பில்லு ஏற்கெனவே சைபரு. நான் கைக்காசு போட்டு தகடு வெச்சு, மானியத்துக்குக் காத்திருந்து, சைபரை எவ்வளவுக்குக் கொறைக்கலாம்?" கமுதியில 2016-ல 648 மெகாவாட்டு வெச்சாங்களே, அது எடம் பாத்து வெச்சது. ராமநாதபுரத்து வெயிலுக்கு அங்க வேலை இருக்குது. எங்க மேகத்துக்கு வேலை வேணும்னா அணை கட்டணும், ஓடையில கரண்டு எடுக்கணும். அதுக்குப் பக்கத்து கொல்லிமலையில 20 மெகாவாட்டுன்னு ஒரு திட்டம் வெச்சு எத்தனையோ வருசம் இழுத்துச்சு. தண்ணி பாட்டுக்குத் தண்ணி எறங்கிக்கிட்டே இருந்துச்சு. அது யாரு கையெழுத்துக்கும் காத்திருக்கறதில்லை.

அப்புறம் பருவநிலை. 2021 டிசம்பர்ல தமிழ்நாட்டுக்குப் பருவநிலை மாற்ற இயக்கம்னு ஒண்ணு அறிவிச்சு, 2022-ல பசுமைப் பருவநிலைக் கம்பெனின்னு ஒரு கம்பெனியே வெச்சாங்க. மழை வெயிலுக்குக் கம்பெனி வெச்ச மொதல் மாநிலம் நாமதானாம். ஜில்லா ஜில்லாவுக்கு கலெக்டரு தலைமை. முன்னயெல்லாம் மழை தப்புனா செர்வராயன்கிட்ட மட்டுந்தான் முறையிடுவோம். இப்ப கலெக்டரு ஆபீஸுலயும் மனுக் குடுக்கலாம், திங்கக்கெழமை குறைதீர் நாளு. செர்வராயன்கிட்ட குடுத்தா ரசீது கெடைக்காது.

கலெக்டருன்னதும் ஞாபகம் வருது. இந்த மலைக்குக் காப்பியக் கொண்டாந்தவரும் ஒரு கலெக்டருதான். காக்பர்ன்னு ஸ்காட்லாண்டுக்காரரு, 1820-கள்ல சேலத்துக்குக் கலெக்டரு. கிரேஞ்ச் எஸ்டேட் அவரு வேலை. காப்பி, ஆரஞ்சு, பேரிக்கான்னு என்னென்னமோ நட்டுப் பாத்தாரு. மலைக்காரங்க அதுக்கு என்ன வெலை குடுத்தாங்கங்கறது வேற கதை, அதைக் கெளறினா பொழுது போயிரும். நான் சொல்ல வந்தது, 200 வருசம் ஆயும் அந்தக் காப்பி காய்க்குது. ஆரஞ்சு எங்க? அதைப் பத்தி யோசிச்சிருக்கியா?

காப்பி ஏன் நின்னுச்சுன்னா, நட்டதோட விடலை. வருசா வருசம் அறுவடை முடிஞ்சதும் கவாத்து. காஞ்ச குச்சி, குறுக்குக் கெளை, உறிஞ்சான் தளிர் எல்லாத்தையும் கத்தியால எடுத்து, நெழல் மரத்துல வெளிச்சம் எறங்கற அளவுக்குக் கெளை கழிச்சு, தண்டுத் துளைப்பான் புழு விழுந்திருக்கான்னு தட்டித் தட்டிப் பாத்து, விழுந்த செடியப் பிடுங்கி எரிச்சு. நடவுக்கு ஒரு தடவைதான் செலவு, கவாத்துக்கு சாகற வரைக்கும் செலவு. எந்தத் தொரையும் கவாத்துக்கு ரிப்பன் வெட்டுனதில்லை. ஆனா எஸ்டேட் கணக்கு நோட்டுல நடவுக்கு ஒரு பக்கம்னா கவாத்துக்கு நோட்டு பூராவும் இருக்கும். உன் திட்டத்து நோட்டை நான் பாக்கலை, பாக்காமயே சொல்றேன், அதுல நடவுதான் நோட்டு பூராவும்.

பருவநிலைன்னு மேடையில பேசறாங்களே, அது எங்க களத்துல எப்படித் தெரியுதுன்னு சொல்றேன், உங்க மீட்டிங்குல எவனாவது கேட்டா ஒதவும். பங்குனி சித்திரையில ஒரு மழை விழணும், பூ மழை. அது விழுந்து எட்டு ஒம்பது நாள்ல தோட்டம் பூரா வெள்ளையாப் பூக்கும், மல்லிகை வாசம் அடிக்கும். அப்புறம் சில வாரத்துல இன்னொரு மழை வரணும், அதுலதான் பிஞ்சு நிக்கும். மொத மழை வந்து ரெண்டாவது வராட்டி, பூவைப் பாத்த சந்தோசத்தோட சரி. அதே மழை மார்கழியில வந்தா வேற வம்பு. பழுத்த காப்பி செடியிலயே வெடிச்சுக் கொட்டும். பறிச்சதைக் களத்துல பரப்பி ஒரு வெயில் காட்டியிருப்போம், மேகம் கூடும். ஓடி ஓடிக் குவிச்சு தார்ப்பாய் போடுவோம். ரெண்டு நாள் மூடி வெச்சா உள்ள சூடு ஏறிப் பூசணம் புடிக்கும். கையி விட்டுப் பாத்தா வெதுவெதுன்னு இருக்கும், மூக்குல வெச்சா புளிச்ச வாடை. அந்த மூட்டையக் கொண்டுபோனா ஏவாரி ஒரு கொட்டையக் கடிச்சுப் பாத்து மூஞ்சியச் சுளிப்பான். அவன் சுளிப்புதான் எனக்குப் பருவநிலை அறிக்கை.

2024-ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சே. கடல்ல பொறந்த புயலு, மரக்காணம், விழுப்புரம்னு கரையத்தான் அடிக்கும்னு இருந்தோம். அது உள்ள நகந்து வந்து டிசம்பர் மொத வாரத்துல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. நம்ம மலையிலயும் ஊத்துச்சு. மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு, பாறை உருண்டு, போக்குவரத்தை நிறுத்துனாங்க. 20 கொண்டை ஊசி வளைவு இருக்குதே, அதுல ஒண்ணு போனாப் போதும், மிச்சம் 19-ம் அலங்காரத்துக்குத்தான்.

இங்கதான் காதைத் தீட்டிக்க. உன் கேபிளு எதுல போகுது? நூத்துக்கு 85 பங்கு கரண்டுக் கம்பத்துல தொங்கிக்கிட்டுதான் போகுதாமே, 15 பங்குதான் மண்ணுக்குள்ள. செலவு கம்மி, வேலை சுருக்கு, ஒத்துக்கறேன். ஆனா என்ன ஆச்சுன்னா, மின்சாரத்துக்கு ஒரு திட்டம், இன்டர்நெட்டுக்கு ஒரு திட்டம், பருவநிலைக்கு ஒரு திட்டம்னு மூணு துறை, மூணு பட்ஜெட்டு, மூணு லோகோ. மூணும் கடைசியில என் வீட்டுக்கு முன்னாடி ஒரே கம்பத்துல வந்து நிக்குது. பக்கத்துல ஒரு சில்வர் ஓக்கு. வேரு ஈரமா இருக்கறப்ப ஒரு காத்து. அவ்வளவுதான். மரம் விழறப்ப எந்தத் துறை மேல விழறோம்னு பாத்து விழறதில்லை. இதுல காடும் மரமும் இருக்கற பரப்பை 23.7 சதவீதத்துல இருந்து 33-க்குக் கொண்டுபோறோம்னு 2022-ல பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வேற. நடட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. ஒரு துறை கன்னு நட, இன்னொரு துறை ஆளு கம்பிக்குக் கீழ கெளை வெட்ட, கன்னு வளந்து கம்பத்தைத் தொடறப்ப ரெண்டு துறையும் ஒரு கடுதாசி எழுதிக்கும்.

இந்தக் கம்பத்து மேல யாரு ஏறுவா? மின்வாரியம் 1957-ல ஒண்ணா இருந்துச்சு. 2010-ல பகிர்மானத்துக்கும் உற்பத்திக்கும் ஒண்ணு, தொடரமைப்புக்கு ஒண்ணுன்னு பிரிச்சாங்க. 2024-ல மறுபடி பிரிச்சு பகிர்மானத்துக்குத் தனி, உற்பத்திக்குத் தனி, பசுமை எரிசக்திக்குத் தனின்னு கம்பெனி வெச்சாங்க. மெட்ராஸுல போர்டு பெருகிக்கிட்டே போகுது. நம்ம சரிவுல நனைஞ்ச காக்கிச் சட்டையோட, இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறறவரு மட்டும் அதே ஒருத்தருதான். அவரு ஒருத்தரே பத்து பதினஞ்சு ஊருக்கு ஏறி எறங்கணும். உன் கேபிளு அவரு வேலை இல்லை. அவரு கம்பிய ஒட்டிட்டு எறங்கிருவாரு, உன் இழை அறுந்தபடியே ஆடிக்கிட்டிருக்கும். அதை ஒட்டறதுக்குத் தனி மிஷினு, தனி ஆளு, அந்த ஆளு சேலத்துல, அவரு ஏறி வர வேண்டிய ரோட்டுல மண்ணு.

டெல்லிக்காரங்களுக்கும் இது லேட்டாப் புரிஞ்சிருக்குது. 2023 ஆகஸ்டுல பாரத்நெட்டுக்கு மறுபடி 1,39,579 கோடி ஒதுக்கினப்ப, போடறவனே பத்து வருசம் பராமரிக்கணும், கேபிளை வளையமா இழுக்கணும், ஒரு பக்கம் அறுந்தா மறுபக்கமா ஓடணும்னு எழுதுனாங்க. அதைத்தானே நம்ம பஸ்ஸு டிரைவருங்க ரொம்ப நாளாப் பண்றாங்க, மெயின் ரோட்டுல சரிஞ்சா குப்பனூர் வழி. நீ வளையம்னு காகிதத்துல போட்டுட்டு ரெண்டு ஒயரையும் ஒரே கம்பத்துல கட்டிராத. கட்டுவாங்க, எனக்குத் தெரியும். ஒண்ணு அடிவாரம் ரோட்டுல ஏறட்டும், ஒண்ணு குப்பனூர் பக்கமா வரட்டும். பில்லு கூடும். கூடட்டும்.

அதனால நான் சொல்றபடி எஸ்டிமேட்டு போடு. கம்பம், கேபிளு, பெட்டி, பேட்டரி எல்லாம் எழுதிட்டு, கீழ ஒரு வரி விட்டு, கொடுவாள்னு எழுது. ஊராட்சிக்கு ரெண்டு ஆளு, இந்த மலைக்காரங்களா, இந்தச் சரிவு பூராவும் கால்ல நடந்தவங்களா. அவங்களுக்கு கொடுவாள், ஒரு மரம் அறுக்கற மிஷினு, மழைக்கோட்டு, இழை ஒட்டற மிஷினு ஒண்ணு ஏற்காட்டுலயே இருக்கணும், அதை ஓட்டறதுக்கு ரெண்டு பேருக்குப் பழக்கம். புரட்டாசியில கம்பிப் பாதை பூரா நடந்து கெளை கழிக்கணும், தை பொறந்ததும் இன்னொரு நடை. சம்பளம் வருசா வருசம், விழாவுக்கு விழா இல்லை. மேல இருக்கறவரு கேப்பாரு, "கொடுவாளுக்கு என்னய்யா ஹெட்டு?"ன்னு. பருவநிலைத் தகவமைப்புன்னு போடு. இங்கிலீசுல போட்டா இன்னும் நல்லது, கையெழுத்து சீக்கிரம் விழும். மின்சாரத்துக்காரங்ககிட்ட பாதிச் செலவு வாங்கு, அவங்க கம்பிக்கும் சேத்துத்தானே இந்தக் கத்தி. வனத்துறைகிட்ட மொதல்லயே எழுத்து மூலமா அனுமதி வாங்கிக்க, இல்லைன்னா கெளை வெட்டுனவனை அவங்க கூட்டிக்கிட்டுப் போவாங்க, நான் ஜாமீனுக்கு வரணும்.

அந்த வரியை மேல அடிச்சுருவாங்க, எனக்குத் தெரியும். தேவையில்லாத செலவுன்னு சிவப்பு மையில கோடு போடுவாரு ஒருத்தரு. நீ கோவிச்சுக்காத, எதுத்துப் பேசாத, புது வேலை. குடும்பத்தோட ஏற்காட்டுக்கு வரணும்னு அவருக்கும் ஆசை இருக்கும், எல்லாருக்கும் இருக்குது. மே மாசம் கூட்டம் சார், நிம்மதியா இருக்காது, டிசம்பர் மொத வாரம் வாங்கன்னு பணிவாச் சொல்லு. புள்ளைங்களுக்கு ஆன்லைன்ல ஏதாச்சும் வேலை இருக்கற வாரமாப் பாத்து வரச் சொல்லு. நல்ல மேடான எடத்துல, நாலு பக்கமும் சில்வர் ஓக்கு நிக்கற மாதிரி ரூமு நான் புடிச்சுத் தர்றேன். வாடகை கூட வேண்டாம்னு சொல்லிரு.